காரைக் கழுவுவதிலும் ஒரு கணக்கு

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் கடன் பெற்று வாங்கும் பெரிய பொருள் கார். தவணை முடியும்வரை பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் இருக்கும். அதனால் "பாதி கார் உங்களுடையதுதானே, வாரம் ஒருமுறை வந்து கழுவிக் கொடுங்கள்" என்று கேலி பேசும் வாடிக்கையாளர்கள் உண்டு. கழுவ நாம் வர இயலாது. ஆயினும் பழைய கார்களுக்கான கடன் விண்ணப்பங்களோடு வரும் மதிப்பீட்டாளர் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருவதால், கழுவுவதைப் பற்றிச் சொல்வதற்கு நம்மிடம் சில செய்திகள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஐந்தாண்டு ஓடிய காரை விற்க முனைந்தார். கருநீல நிறம், விபத்து எதிலும் சிக்காதது, குறைவாகவே ஓடியது. எதிர்பார்த்த விலை கிடைத்தால் கல்விக் கடன் வாங்க வேண்டியிராது என்பது அவர் கணக்கு. வாங்க வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்ட தொகையிலிருந்து கணிசமாகக் குறைத்துப் பேசினார். பானெட் முழுவதும் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள். கூரையில் மேல்பூச்சு உரிந்து வெளுத்திருந்தது. "ஐந்தாண்டுகளாக ஒரு நாள் தவறாமல் துடைத்தேனே!" என்று நம்மிடம் வருந்தினார். அந்தத் துடைப்புத்தான் அவருடைய விலையைக் குறைத்தது.

காரின் உலோகத்தின்மேல் இருக்கும் பூச்சு பல அடுக்குகளைக் கொண்டது. அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாகக் 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பளபளப்பு அடுக்கு. தொழிற்சாலையில் பூசப்பட்ட பூச்சின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நாம் கார் பளபளக்கிறது என்று மகிழ்வது முடியினும் மெல்லிய ஒரு படலத்தைக் கண்டுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே படலமே. கீறல்களை மறைக்க ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கு சிறிது சிறிதாகக் கரைகிறது. அது வங்கியிலிட்ட வைப்புத்தொகை போன்றதன்று; எடுத்தது எடுத்ததுதான். நம் வாடிக்கையாளர் மூன்று முறை எடுத்திருந்தார்.

மீண்டும் வண்ணம் பூசலாமே எனலாம். தொழிற்சாலையில் வெற்று உலோகக் கூட்டின்மீது சுமார் 140 பாகை செல்சியசில் பூச்சைச் சுட்டெடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் மின்கம்பிகளும் பொருத்தப்பட்ட காரை அந்த வெப்பத்தில் வைக்க முடியாது. எனவே பின்னால் பூசப்படுவது வேறு வகைப் பூச்சாகவே அமையும். பழைய கார் வாங்குவோர் கனமானியை வைத்துப் பார்த்து மறுபூச்சைக் கண்டுகொள்வார்கள். விபத்து நடந்ததோ என்ற ஐயமும் உடனே எழும்.

தவறுகளுள் தலையாயது, உலர்ந்த தூசியைத் துணியால் துடைப்பது. தூசியில் கலந்துள்ள மணல் துகள், கிளியர் கோட்டைவிடக் கடினமானது. துணிக்கும் பூச்சுக்கும் இடையே அதை வைத்து அழுத்தி இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு நிகர். தூசி படிந்த கார் அழகாக இராதுதான். ஆனால் படிந்த தூசி தானாக எதையும் கீறுவதில்லை. தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட நேரமில்லையென்றால் அன்றைக்குத் துடைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

பணி மாறுதலில் நாம் வசித்த தில்லி, மும்பை, பெங்களூரு அடுக்ககங்கள் அனைத்திலும் ஒரே காட்சிதான். விடியற்காலையில் ஒரு தம்பி ஒற்றை வாளியோடும் ஒற்றைத் துணியோடும் வருவார். முதற்கார் துடைத்த அழுக்குநீரில் நனைந்த அதே துணி பத்தாவது காரையும் துடைக்கும். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, கிழிந்த பனியனையும் நாமே கையில் கொடுக்கிறோம். உங்கள் காருக்கென இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாக வாங்கிக் கொடுங்கள், தினமும் துடைப்பதற்கு மாறாக வாரம் இருமுறை நனைத்துக் கழுவச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வேலை குறைந்ததால் ஊதியம் குறையும் என்று அஞ்சினால் அவர் பழையபடியே துடைப்பார்.

நனைத்துக் கழுவுவதென்றால் குழாயைத் திறந்துவிடுவது என்று பொருளன்று. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவுவதற்குத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் தில்லியில் குழாய்நீரில் கார் கழுவி வீணாக்குவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என ஆணையிடப்பட்டது. முறையாகச் செய்தால் இரண்டு வாளி நீர் போதும். ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். முதலில் குவளையால் நீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஷாம்பூ நீரில் நனைத்த துணியால் ஒரு பகுதியைக் கழுவி, அத்துணியை வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பூ வாளியில் இட வேண்டும். அழுக்கு முழுவதும் ஒரு வாளியிலேயே தங்கிவிடும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவதே முறை. சக்கரங்களுக்கு வேறு துணி. கையிலிருந்து தரையில் விழுந்த துணியை, அலசாமல் மீண்டும் காரில் வைக்கவே கூடாது.

பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென உருவானவை. பூச்சைக் காக்கும் மெழுகையும் சேர்த்தே நீக்கிவிடும். உச்சிவெயிலில் கழுவினால் சோப்புநீர் துடைக்குமுன் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். ஆழ்துளைக் கிணற்று நீராயின் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் வெண்புள்ளிகளாக இறுகிவிடும். காலை நிழலில் கழுவி உடனே ஒற்றியெடுப்பது நல்லது. பறவை எச்சம் அமிலத்தன்மை உடையது, வெயிலில் ஓரிரு நாளிலேயே பூச்சைப் பொசுக்கித் தடம் பதித்துவிடும். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் பானெட்டைத் திறந்து இயந்திரப் பகுதிக்குள் வேகநீரைப் பாய்ச்சுவது இன்றும் வழக்கமாக உள்ளது. இக்காலக் கார்களில் அங்கே உணரிகளும் மின் இணைப்பிகளும் நிறைந்திருக்கின்றன. ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரின் அடிப்பகுதியில் டீசல் தெளிப்பதும் அவ்வாறே. பளபளவென்று தெரியும், ஆனால் அங்குள்ள ரப்பர் புஷ்கள் டீசல் பட்டு ஊறிக் கெடும். மாறாக, மழைக்காலச் சேற்றில் ஓடியபின்னும் கடற்கரை ஊர்களிலும் அடிப்பகுதியை வெறும் நீரால் கழுவுவது பணத்துக்குத் தகுந்த வேலை. கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் துரு உள்ளிருந்தே தொடங்கும்.

உட்புறத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. டேஷ்போர்டுக்குப் பூசும் வழவழப்பான பாலிஷை ஸ்டீயரிங்கிலும் மிதிகளிலும் பூசாதீர்கள்; வழுக்கும். இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பைகளின் மின் இணைப்புகள் செல்வதால் அங்கே நீர் ஊற்றுவதும் கூடாது.

செராமிக் பூச்சு போட்டுவிட்டால் கவலையில்லை என்று விற்பனைக் கூடத்தில் சொல்வார்கள். நீரும் அழுக்கும் எளிதில் வழுக்கி விழும் என்பது உண்மை. கல்லடியையோ மணல் துணியையோ அது தடுக்காது. அந்தச் செலவையும் கார் கடனில் சேர்க்கலாமா என்று கேட்போருக்கு நாம் கணக்குப் போட்டுக் காட்டுவோம். எடுத்துக்காட்டாக, 25,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடனில் சேர்த்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 8,800 ரூபாய். பூச்சு தேய்ந்த பின்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

காப்பீடு இருக்கிறதே என்பாரும் உளர். துடைத்ததால் விளைந்த கீறல் தேய்மானக் கணக்கில் சேரும்; விபத்து ஆகாது. விபத்துக் கீறலுக்கே, பூஜ்யத் தேய்மானச் சேர்ப்பு இல்லாத பாலிசியில், பூச்சுப் பொருளின் செலவில் 50 விழுக்காடு கழிக்கப்படும். அதோடு ஐந்து ஆண்டுகள் கோரிக்கையின்றிச் சேர்த்த 50 விழுக்காடு சலுகையும் புதுப்பிக்கும்போது பறிபோகும். சிறு கீறலுக்குக் கோருமுன் இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழுவி முடித்ததும் காரை அப்படியே மூடிப்போட்டு நிறுத்துபவர்கள் பலர். ஈரமான பிரேக் தட்டில் ஓரிரவிலேயே துரு படியும். கைப்பிரேக்கும் இழுத்துவிட்டிருந்தால் ஒட்டிக்கொள்ளவும் கூடும். தெருக்கோடி வரை ஒருமுறை ஓட்டி, மெதுவாக நாலைந்து முறை பிரேக்கை அழுத்தி, தட்டுகள் உலர்ந்தபின் கொண்டுவந்து நிறுத்துங்கள். நெடுந்தூரம் ஓடிவந்த சூட்டோடு சக்கரங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அரைமணி நேரம் கழித்துக் கழுவலாம்.