டான்சிலை எடுக்கணுமா? முதல்ல எண்ணிப் பாருங்க

சின்ன வயசுல டான்சில் எடுத்துக்கிட்ட ஒருத்தராவது உங்க செட்டுல இருப்பாங்க. கேட்டா, "ஆபரேஷன் முடிஞ்சு ஐஸ்கிரீம் கொடுத்தாங்க"ன்னு சொல்வாங்க. ஆனா அந்த ஆபரேஷன் நிஜமாவே தேவைப்பட்டுச்சா? அதை எப்படி முடிவு பண்றாங்க? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல நியூயார்க் போவோம். 1934-ல் ஒரு ஆய்வு வெளியானது. பள்ளியில் படிக்கும் 11 வயசுப் பிள்ளைகள் 1,000 பேர். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்தாச்சு. மீதி 389 பேரை டாக்டர்கள் பார்த்தாங்க. 174 பேருக்கு எடுக்கணும்னு சொன்னாங்க. "வேண்டாம்"னு விட்ட 215 பேரை வேற டாக்டர்கள்கிட்ட அனுப்பினாங்க. அவங்க 99 பேருக்கு எடுக்கணும்னாங்க. மிச்சம் 116 பேரை மறுபடியும் வேற டாக்டர்கள் பார்த்தாங்க. இந்தத் தடவை 51 பேர்! யார் வந்து நின்றாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஆபரேஷன் என்பதுதான் பதில்.

அந்த டாக்டர்கள் யாரும் ஏமாத்தல. எப்போ எடுக்கணும், எப்போ வேண்டாம் என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை, அவ்வளவுதான். ஆனா இது மயக்க மருந்தும் ரத்தக்கசிவு ஆபத்தும் உள்ள ஆபரேஷன். தேவையில்லாம ஒரு குழந்தை அதை ஏன் தாங்கணும்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் இதை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார். "அடிக்கடி தொண்டை வலி வருது"ன்னு சொல்லப்பட்ட, ஆனா பதிவு சரியாக இல்லாத 65 குழந்தைகளை அவர் குழு தொடர்ந்து கவனித்தது. 1978-ல் வந்த முடிவு: சொன்ன அளவுக்கு மறுபடியும் வந்தது 11 பேருக்குத்தான். பெற்றோர் பொய் சொல்லல. ராத்திரி முழுக்கக் காய்ச்சலோட முழிச்சிருந்தா மூணு தடவை வந்ததுகூட பத்து தடவை மாதிரிதானே தோணும்!

இன்று பல நாட்டு வழிகாட்டுதல்களில் இருப்பது அவர் வகுத்த கணக்குதான். ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருஷம் வருஷத்துக்கு 5, அல்லது 3 வருஷம் வருஷத்துக்கு 3. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, டான்சில் மேல் வெள்ளைப் படலம் மாதிரி ஒரு அறிகுறியாவது பதிவாகி இருக்கணும். அதுக்குக் கீழே என்றால் பொதுவாகக் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கலாம். பலருக்கு அது தானாகவே குறைஞ்சிடும்.

ஒரு விஷயம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. குழந்தை சத்தமா குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

மத்தபடி, வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளை யாருக்காவது தொண்டை வலி வந்தா, போன்ல ஒரு நோட் போடுங்க: தேதி, காய்ச்சல் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார். அடுத்த தடவை "அடிக்கடி வருது டாக்டர்"னு சொல்றதுக்குப் பதிலா அந்த நோட்டைக் காட்டுங்க. முடிவு எடுக்க அவருக்கும் அதுதான் வேணும்.