இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பு

கொழுப்பு என்னுஞ் சொல் தமிழர் பேச்சு வழக்கிலே செருக்கையுங் குறிக்கும். உடலிற் சேரும் கொழுப்பும் நெடுங்காலமாக வேண்டாச் சுமையென்றே எண்ணப்பட்டு வந்தது. இதயத்தைப் போர்த்திருக்கும் கொழுப்போ அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அது இதயவுறைக்கு வெளியே ஒரு படையாகவும் உள்ளே ஒரு படையாகவும் அமைந்துள்ளது. உட்படை இதயத்தசையோடு இடைத்திரை எதுவுமின்றி ஒட்டிக் கிடக்கின்றது. இதயத்துக்குக் குருதியூட்டும் முடியுருநாடிகள் அதனூடாகவே ஓடுகின்றன. நாடிச்சுவரில் நிகழ்வது கொழுப்பையும், கொழுப்பில் நிகழ்வது நாடியையும் தாக்குதற்கு இவ்வமைப்பே ஏதுவாகும்.

மாரடைப்புற்று, அடைபட்ட நாடி திறக்கப்பெற்று உயிர்பிழைத்தவர், அது மீண்டும் வருமோ என்று வினவுதல் இயல்பே. நாடியினுள்ளே சாயஞ் செலுத்தி எடுக்கும் படம் குருதியோடும் வழி எங்கே ஒடுங்கியுள்ளதென்பதைக் காட்டும். ஆயினும், மாரடைப்பை விளைக்கும் படிவு பல வேளைகளில் வழியைப் பெரிதும் ஒடுக்காத படிவாகவே இருந்துள்ளது. அழற்சியினால் அதன் மேற்படலம் நலிந்து வெடிக்க, அவ்விடத்திற் குருதி உறைந்து வழியை அடைத்துவிடுகின்றது. ஆகவே அறியவேண்டுவது, நாடியின் அழற்சி தணிந்துவிட்டதா, இன்னுங் கனன்றுகொண்டிருக்கின்றதா என்பதே.

இதனை அறிய உதவுங் கருவி சீ.ரீ. ஸ்கான் ஆகும். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி இலண்டன் மருத்துவமனையொன்றில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இக்கருவியாற் படம்பிடிக்கப்பட்டது. அதனை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்ட், கோர்மக் என்பாருடன் 1979இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இழையங்கள் எக்ஸ்-கதிரைத் தடுக்குந் திறன் ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்கும் அளவையிலேயே குறிக்கப்படுகின்றது. அவ்வளவையில் நீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -190 தொடக்கம் -30 வரையிலாம். மூளை அசையாது கிடக்கும். இதயமோ ஓயாது துடிக்கும். ஆதலின், இதயத்தின் மின்னோட்ட வரைபோடு கருவியை இயைத்து, துடிப்புக்களிடையே அது சற்று ஓய்ந்திருக்குங் கணத்திற் படம் பெறப்படுகின்றது.

கொழுப்பின் பருமனை அளத்தல் எளிது. அதனினும் நுட்பமானது அதன் தன்மையை அளத்தல். அழற்சியுற்ற நாடிச்சுவரிலிருந்து வெளிப்படும் பொருள்கள் அயலிலுள்ள இளங்கலங்கள் கொழுப்புக்கலங்களாக முதிர்வதைத் தடுக்கின்றன என்பதை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அறிஞர் 2017இல் எடுத்துக்காட்டினர். அங்குக் கொழுப்புக் குறைந்து நீர்ப்பங்கு மிகவே, அளவையின் எண் 0ஐ நோக்கி உயரும். மாரடைப்புக்குக் காரணமான படிவைச் சூழ்ந்த கொழுப்பில் இவ்வெண் உயர்ந்திருந்து, 5 வாரங்களின் பின் தணிந்தமையையும் அவர்கள் கண்டனர். கண்ணுக்குப் புலனாகாத அழற்சிக்கு அயலிலுள்ள கொழுப்பே சான்று பகர்கின்றது. 2018இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலுமாக 3,912 பேரின் படங்கள் ஆராயப்பட்டபோது, வலது முடியுருநாடியைச் சூழ்ந்த கொழுப்பின் எண் -70.1ஐ எட்டியோ கடந்தோ இருந்தவர்களுக்கு இதயநோயால் இறக்கும் ஆபத்துப் பன்மடங்கு மிகுதியெனப் புலனாயிற்று. எனினும், அவ்வாய்வு மாரடைப்புற்றோரை மட்டுங் கொண்டதன்று. அதனை அவர்களுக்கு அப்படியே பொருத்துதல் அவசரமாகும். கருவியின் மின்னழுத்தம் மாறினால் எண்ணும் மாறும். நாடியினுள்ளே வைத்த உலோக வலைக்குழாயும் படத்தைக் கலக்கும்.

இவ்வெண்ணின் பயன் மருந்தைத் தெரிவதிற் புலப்படலாம். கார்த்திகைக் கிழங்கிலும் உள்ள நச்சுப்பொருளாகிய கொல்ச்சிசின், மிகச் சிற்றளவில் அழற்சியைத் தணிக்கும். மாரடைப்புற்ற 4,745 பேரிடம் நிகழ்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு அதனால் நன்மையுண்டு என்றது. 7,062 பேரைக் கொண்டு 2024இல் வெளிவந்த பேராய்வு நன்மை காணவில்லை. இரண்டும் அழற்சி உள்ளாரையும் இல்லாரையும் படத்தாற் பிரித்தறியாது மருந்தளித்தவை. நாடியைச் சூழ்ந்த கொழுப்பின் எண் தணியாதிருப்போரை மட்டுந் தெரிந்து அம்மருந்தை அளித்துப் பார்த்தலே அடுத்துச் செய்யத்தக்க ஆய்வு.