எடை குறைந்த குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு

குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டரில் சில வாரம் கிடந்த குழந்தை வீட்டுக்கு வரும் அன்று எல்லோருக்கும் நிம்மதி. கண்டம் தாண்டிவிட்டது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். அடுத்த வாரமே, "ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா?" என்ற பேச்சு ஆரம்பிக்கும். தில்லியில் பிரசவம், வளர்ப்பு அம்மா வீட்டில் என்பது நம் குடும்பங்களில் வழக்கம்தானே. அந்தப் பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி 32 வாரத்தில் 1,450 கிராம் எடையில் பிறந்தபோது டாக்டர்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் கண். தாயின் வயிற்றில் கடைசி வாரங்களில்தான் குழந்தையின் விழித்திரை முழுவதும் ரத்தக் குழாய்கள் படருகின்றன. முன்கூட்டியே பிறந்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. பிறகு சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். பெற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். கணக்கு பிறந்த நாளிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல.

ஒரு தடவை பார்த்தால் போதாது. குழாய்கள் முழுதாக வளரும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். சிகிச்சை தேவை என்று கண்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தாக வேண்டும். இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் நாம் டிக்கெட் எடுக்கிறோம்! எங்கள் காலனியில் ஒரு குடும்பம் 24-ம் நாள் குழந்தையோடு ஊருக்குப் போனது. அங்கே யாரும் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. இவர்களும் சீட்டைக் காட்டவில்லை. நாலாம் மாதம் குழந்தை விளக்கைப் பார்க்கவில்லை என்று பாட்டிதான் கண்டுபிடித்தாள். அப்போது செய்ய அதிகம் மிச்சமில்லை. தில்லியில் எய்ம்ஸ் கண் மையத்தில் இந்தப் பரிசோதனை உண்டு. போயே ஆக வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரை, கோவை அரவிந்த் என்று எங்கே, எந்தத் தேதியில் என்பதைக் கேட்டு முடிவு செய்துகொண்டு பிறகு டிக்கெட் எடுங்கள். காது பரிசோதனை ஆகிவிட்டதா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

அடுத்தது சூடு. அண்டா வெந்நீர் ஆற நேரமாகும். டம்ளர் காப்பி உடனே ஆறிவிடும். சின்ன உடம்புக்கும் அதே கதைதான்; எடைக்குத் தோல் பரப்பு அதிகம், கொழுப்போ கிடையாது. இதற்குக் கங்காரு முறையைவிடச் சுலபமான வழி இல்லை. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்டுத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்து, மேலே துணி கட்டுவது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை இது. நம் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் பங்கேற்று 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், பிறந்த உடனே இதை ஆரம்பித்த சிறு குழந்தைகளில் 28 நாளுக்குள் இறப்பு நூற்றுக்குச் சுமார் 16-லிருந்து 12-ஆகக் குறைந்தது. வீட்டிலும் தொடரலாம், ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அப்பாவும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தில்லிக் குளிருக்குக் கதவை அடைத்துவிட்டு அங்கீட்டி மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கரிப்புகை ஆளையே கொல்லும். வெந்நீர்ப் பையும் தோலைச் சுட்டுவிடும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறக்குறைய 33 மணி நேரம். ஏ.சி. பெட்டியின் குளிர் நமக்குச் சுகம், இரண்டு கிலோ குழந்தைக்கு அல்ல. 139-க்குச் சொன்னால் வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். ஆனால் அது அடுத்த ஸ்டேஷன் வந்த பிறகுதான். டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏறாதீர்கள்.

பால் தாய்ப்பால்தான். உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் பீச்சி எடுத்துக் கொதிக்க வைத்த சங்கில் புகட்டலாம். உரைமருந்து, தேன், மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை எல்லாம் பாட்டிமார் மன்னிக்க வேண்டும். டாக்டர் எழுதிய இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. தடுப்பூசி பிறந்த தேதிப்படி. குப்புறப்படுவது, உட்காருவது மட்டும் நாள் நிறைந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு. பார்க்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சளி இருந்தால் போனில் விசாரிக்கட்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தட்டினாலும் துவண்டு கிடந்தாலோ, உடனே கிளம்புங்கள். அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ விட்டால், மூச்சு இழுக்கையில் நெஞ்சுக் கூடு உள்வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், உடம்பு கொதித்தாலோ அணைத்தும் சில்லென்றே இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டியில் போகும்போதும் மார்போடு அணைத்தே கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். அதற்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் கொடுத்து வையுங்கள்.