துடி என்னும் சொல்

துடி என்பது பாலை நிலத்துக்குரிய பறை. உடுக்கையைப் போல நடுவே ஒடுங்கியது. அதனாலன்றோ சிற்றிடை மகளிரைப் புலவர் துடியிடையார் என்றனர்! அதனை முழக்குவோன் துடியன். புறநானூற்றின் 335 ஆம் பாட்டு அவனை நாற்குடியுள் ஒருவனாக வைத்துப் பேசுகின்றது. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் முருகன் ஆடியவை இரண்டு. அவற்றுள் ஒன்றின் பெயரும் துடியே.

இச்சொல் வினையாய் நிற்குங்கால் பறையை விட்டு உடம்பைப் பற்றிக்கொள்கின்றது. நாடி துடிக்கின்றது, பழுத்த புண் துடிக்கின்றது, இமை துடிக்கின்றது, கரையில் வீழ்ந்த மீன் துடிக்கின்றது, பிள்ளையைக் காணாத தாயும் துடிக்கின்றாள். வேண்டியவுடன் அருளுந் தெய்வத்தைத் துடியான தெய்வம் என்பாரும் உளர். ஆங்கிலத்திலோ நாடிக்குப் ‘பல்ஸ்’, புண்ணுக்குத் ‘த்ரொப்’, இமைக்கு ‘ட்விச்’ என்று வெவ்வேறு சொற்கள். தாயின் துடிப்புக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது.

இது புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. தமிழறியாத வைத்தியரிடம் ஒரு மூதாட்டி, “நெஞ்சு துடிக்குது ஐயா” என்கிறாள். அருகில் நிற்பவர், “இதயம் அடிக்கின்றதாம்” என்று பெயர்த்துவிட்டால் வைத்தியருக்கு என்ன விளங்கும்? நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அடிப்பது வளர்ந்தோர் இதயத்துக்கு இயல்புதானே! அவள் சொன்னது படபடப்பா, நோவா, மனக்கவலையா? அகராதி இங்கே உதவாது. எவ்விடத்தில், எப்பொழுது, இருக்கும்போதா நடக்கும்போதா என்று அவளையே மறுபடி கேட்டபின்னரே வாய் திறத்தல் வேண்டும்.