தெரியாத சொல்லைச் சரிபார்க்கும் கணிப்பொறி

ஒரு கட்டடத்தின் வாசலில் காவலாளி ஒருவர் நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். உள்ளே வருவோர் ஒவ்வொருவரும் தமக்கென்று வைத்துள்ள இரகசியச் சொல்லைக் கூற வேண்டும். சொல் சரியானால் கதவு திறக்கும். ஆனால் அந்தக் காவலாளிக்கு யாருடைய இரகசியச் சொல்லும் தெரியாது! தெரியாத ஒன்றைச் சரியா, தவறா என்று அவர் எப்படிக் கூற முடியும்?

புதிர்போலத் தோன்றும் இந்தச் செயலைக் கணிப்பொறிகள் நாள்தோறும் செய்கின்றன. மின்னஞ்சலைத் திறப்பதற்காக நீங்கள் தரும் கடவுச்சொல், முறையாக அமைக்கப்பட்ட கணிப்பொறி எதிலும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஆயினும் ஓர் எழுத்து பிசகினாலும் அது கண்டுபிடித்துவிடுகிறது. இதற்கான தேவை எப்படி எழுந்தது, இது எவ்வாறு நடைபெறுகிறது என்பவற்றைக் காண்போம்.

பட்டியலால் வந்த வினை

அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையை பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1961-ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினர். பலர் பயன்படுத்தும் இயந்திரத்தில் ஒருவருடைய வேலையை மற்றவர் பார்த்துவிடக் கூடாதல்லவா? எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரு பட்டியலாகக் கணிப்பொறிக்குள்ளேயே வைக்கப்பட்டன.

அந்தப் பட்டியல் நெடுநாள் இரகசியமாக இருக்கவில்லை. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமையால் ஒரு தந்திரம் செய்தார். அந்தப் பட்டியலை அச்சிட்டுத் தரும்படி துளையிட்ட அட்டையில் ஒரு வேண்டுகோள் எழுதிச் செலுத்தினார். கணிப்பொறியும் அச்சிட்டுத் தந்துவிட்டது! சில ஆண்டுகள் கழித்து வேறொரு விபத்து நேர்ந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியபோது, மென்பொருளில் இருந்த குறையால் கோப்புகள் இடம் மாறின. அன்று கணிப்பொறிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம், வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன.

பட்டியலுக்கு எவ்வளவு காவல் போட்டாலும் ஒரு குறும்புக்கார மாணவரோ, ஒரு சிறு பிழையோ போதும், இரகசியம் வெளியாகிவிடும். அப்படியானால் பட்டியலே இல்லாமல் காரியத்தை நடத்த முடியுமா?

அரிசியும் மாவும்

இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீதம். அவருடைய முறையை மாரிஸ் வில்க்ஸ் 1968-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். இம்முறைக்கு அடிப்படை, ஒருவழிச் சார்பு என்ற கணிதக் கருத்து.

அரிசியை அரைத்தால் மாவாகும். மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அதே அரிசியை அதே முறையில் அரைத்தால் அதே மாவுதான் கிடைக்கும். ஒருவழிச் சார்பும் இப்படிப்பட்டதே. முன்னோக்கிச் செல்வது எளிது. பின்னோக்கி வருவது மிகக் கடினம்.

ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். ஒரு நான்கு இலக்க எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். எட்டு இலக்கமாக எழுதிய விடையில் முதல் இரண்டு இலக்கங்களையும் கடைசி இரண்டு இலக்கங்களையும் நீக்குங்கள். 4321-இன் வர்க்கம் 1,86,71,041. நடுவில் எஞ்சுவது 6710. இதை மட்டும் ஒருவரிடம் காட்டி, தொடங்கிய எண் எது என்று கேட்டால் அவரால் உடனே கூற இயலாது. ஆனால் 4321 என்று யாரேனும் சொன்னால், சரிதானா என்பதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். 4322 என்று தவறாகச் சொன்னால் 6796 வரும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணிப்பொறி செய்வதும் இதுவே. நீங்கள் முதன்முதலில் கடவுச்சொல்லைத் தரும்போது அது அதனை ‘அரைத்து’, மாவை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை மறந்துவிடுகிறது. மறுமுறை நீங்கள் வரும்போது, தட்டச்சு செய்ததை மீண்டும் அரைத்துப் பார்க்கிறது. இரு மாவும் ஒன்றானால் கதவு திறக்கிறது. தொடக்கத்தில் கூறிய காவலாளியின் இரகசியமும் இதுதான். திருடன் கோப்பைக் கவர்ந்தாலும் அவனுக்குக் கிட்டுவது மாவுதான்.

திருடனின் அகராதி

ஆனால் திருடனும் சும்மா இருப்பதில்லை. மாவை அரிசியாக்க முடியாவிட்டால் என்ன? அகராதியிலுள்ள சொற்களையெல்லாம் அவனே அரைத்து, கிடைத்த மாவோடு ஒப்பிடலாமே! இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவர். 1979-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, ஆராய்ந்த 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. அதாவது நூற்றுக்கு 86! அவற்றுள் 15 கடவுச்சொற்கள் ஒரே ஓர் எழுத்து மட்டும் கொண்டவை.

இதைத் தடுக்க அவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டனர். முதல் வழிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’. அரைப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய சொல்லோடும், கணிப்பொறி தானே தேர்ந்த ஓர் எண்ணைச் சேர்க்கிறது. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறாகையால் மாவும் வேறாகிவிடும். உப்பை மறைத்து வைக்க வேண்டியதில்லை. மாவின் அருகிலேயே எழுதி வைக்கலாம். அதன் பயன் வேறு. உப்பு இல்லாவிட்டால் திருடன் அகராதியை ஒரே முறை அரைத்து, ஆயிரம் பேரின் மாவோடும் ஒப்பிட்டுவிடலாம். உப்பு இருந்தால் ஒவ்வோர் உப்புக்கும் அகராதி முழுவதையும் புதிதாக அரைத்தாக வேண்டும். அவர்கள் பயன்படுத்திய உப்பு 4,096 வகை. இன்றைய முறைகளில் அது எண்ணிலடங்காத அளவு பெருகியுள்ளது.

இரண்டாவது வழி, அரைக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குவது. அவர்களுடைய முறையில் ஒரே செயல் 25 முறை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. கணிப்பொறி வேகமாக இருப்பதுதானே நல்லது என்று நீங்கள் கேட்கலாம். உரியவர் ஒரே ஒரு சொல்லைத்தான் அரைக்கச் சொல்கிறார்; அதற்கு அரை விநாடி ஆனாலும் அவர் உணரமாட்டார். திருடனோ கோடிக்கணக்கான சொற்களை அரைக்க வேண்டும். தாமதத்தின் சுமை முழுவதும் அவன் தலையில் விழுகிறது.

நீளத்தின் வலிமை

ஆங்கிலச் சிற்றெழுத்துகளை மட்டும் கொண்டு எட்டெழுத்துச் சொற்களை அமைத்தால் சுமார் 20,900 கோடி வகைகள் கிடைக்கும். பெரிய எண்தான். ஆனால் விநாடிக்கு 100 கோடி சொற்களை அரைக்கும் இயந்திரம் நான்கே நிமிடங்களுக்குள் அத்தனையையும் முடித்துவிடும். இன்னும் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் வேலை 4,56,976 மடங்காகிறது. அதே இயந்திரத்துக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அரைக்கும் முறையை மெதுவாக்கி, விநாடிக்குப் பத்தாயிரம் சொற்களே இயலும்படி செய்தால் அந்த மூன்று ஆண்டுகள் மூன்று இலட்சம் ஆண்டுகளாகிவிடும்!

ஆனால் எழுத்துகள் எந்த ஒழுங்குமின்றி அமைந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பெயர், பிறந்த நாள் போன்றவை திருடனுடைய அகராதியின் முதல் பக்கத்திலேயே இருக்கும். 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்ற அமெரிக்க இணைய நிறுவனத்திடமிருந்து சுமார் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவை அரைக்கப்படாமல், அரிசியாகவே வைக்கப்பட்டிருந்தன! அவற்றில் மிகுதியாகக் காணப்பட்டது எது தெரியுமா? 123456.

எனவே ஓர் இணையதளத்தில், மறந்துபோன பழைய கடவுச்சொல்லை அப்படியே எடுத்து உங்களுக்கு அனுப்பினால் மகிழ்ச்சியடையாதீர்கள். அது உங்கள் சொல்லை மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரே சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தலாகாது என்பதற்கும் இதுவே காரணம். அப்படிப்பட்ட ஓரிடத்தில் திருட்டு நேர்ந்தால், ஒழுங்காகக் காக்கப்பட்ட மற்ற இடங்களின் கதவும் திறந்துவிடும்.

நீங்களும் முயலலாம்

ஒருவழிச் சார்பை உருவாக்குவதைவிட, அதில் குறுக்குவழி இல்லை என்று உறுதி செய்வதே கடினம். பல நாட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கிப் பார்த்தும் தோற்ற பிறகே ஒரு சார்பு நம்பிக்கைக்கு உரியதாகிறது. மேலே நாம் கண்ட சிறு கணக்கு அந்தச் சோதனையில் தேறாது. நடுவிலுள்ள நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தால், எல்லா நான்கு இலக்க எண்களையும் முயன்று பார்க்காமல் சுமார் 100 முயற்சிகளிலேயே தொடங்கிய எண்ணைப் பிடித்துவிடலாம். நீக்கிய முதல் இரண்டு இலக்கங்கள் எத்தனை வகையாக இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வர்க்கமூலம் காணத் தெரிந்தால் போதும். நண்பர் ஒருவரை ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு 'மாவை' மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், ஒரு சார்பை உடைத்த ஆய்வாளர் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.