வறண்ட நிலத்து வெண்மலர்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவற்றிற்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனச் செடி, கொடி, மரங்களின் பெயர்களையே சூட்டினர். நிலத்திற்கும் அதில் வளரும் நிலைத்திணைக்கும் உள்ள உறவு அத்துணை நெருக்கமானது. இவ்வுறவு எந்நாட்டிற்கும் பொதுவானதே. இதனை அமெரிக்க நாட்டுச் செடி ஒன்றன் வாயிலாக நாம் அறியலாம்.

அச்செடியின் பெயர் மட்டிலிஹாப் பாப்பி என்பது. கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியும் அதனை அடுத்த மெக்சிக்கோ நாட்டுப் பகுதியும் இதன் தாயகம். நம் இல்லங்களில் பயன்படும் கசகசாவைத் தரும் செடியும், நம் ஊர்த் தரிசுகளில் முள்ளிலையும் மஞ்சட் பூவுமாக நிற்கும் பிரமதண்டும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தனவே. மட்டிலிஹாப் பாப்பியோ ஆளுயரத்திற்கு மேலும் ஓங்கி வளரும். கசங்கிய மெல்லிய பட்டினை ஒத்த ஆறு வெள்ளிதழ்களும், நடுவே பொன்னிறத் திரளாகிய மகரந்தத் தாள்களும் இதன் மலருக்கு அழகு செய்கின்றன. ஒரு மலர் விரித்த கையளவு அகன்றிருக்கும்.

அயர்லாந்து நாட்டினரான தாமசு கூல்ட்டர் என்னும் தாவர அறிஞர் 1830களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இச்செடியைக் கண்டு சேகரித்தார். அவர் 1843இல் மறைந்தார். 1845இல் வில்லியம் ஆர்வி என்னும் அறிஞர் இதற்கு ‘ரோம்னேயா கூல்ட்டெரி’ எனப் பெயரிட்டார். பெயரின் முற்பகுதி கூல்ட்டரின் நண்பராகிய வானநூலறிஞர் தாமசு ரோம்னி ராபின்சனைக் குறிக்கும். பிற்பகுதி கூல்ட்டரைக் குறிக்கும். இங்ஙனம் இரு நண்பர்களின் பெயர்களும் ஒரு மலரில் இணைந்து நிற்கின்றன.

தென் கலிபோர்னியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையோ பெரிதும் மழையற்றது. அம்மழையை உண்டு தழைக்கும் இச்செடி, கோடை தொடங்கும் வேளையில் பூத்துக் குலுங்கும். மெழுகு பூசினாற்போன்ற சாம்பற் பச்சை இலைகள் நீர் வீணாகாமல் காக்கின்றன. மண்ணுள் நெடுந்தொலைவு படரும் வேர்த்தண்டுகள் வறட்சியிலும் உயிரைத் தாங்கி நிற்கின்றன.

இதனைத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் வெயில் நிறைந்ததும் நீர் தேங்காததுமான இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மழைக்காலத்தின் தொடக்கமே நடுதற்கு ஏற்ற காலம். வேர்கள் எளிதில் முறிவன. ஆதலின், தொட்டியிலிருந்து எடுக்கும்பொழுது வேரைச் சுற்றிய மண் உதிராதபடி காத்தல் வேண்டும். முதலாண்டில் அளவோடு நீர் வார்த்தல் தகும். வேரூன்றிய பின்னர்க் கோடையில் மிகுதியாக நீர் பாய்ச்சினால், வேர் அழுகிச் செடி மடிந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கே மெய்யாகின்றது! ஆண்டுதோறும் பூத்து ஓய்ந்தபின், இலையுதிர் காலத்தில், தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாணளவு விட்டு வெட்டினால், மழை பெய்ததும் புதுத்தளிர்கள் கிளைக்கும். வேர்த்தண்டுகள் பரந்து செல்லுமாதலின், சிறு செடிகளுக்கு அருகில் இதனை நடுதல் ஆகாது.

இதனைப் பெருக்கும் முறைகளுள் இரண்டைக் காண்போம். குளிர்காலத்தில் பென்சில் பருமனுள்ள வேரை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் படுக்கையாக வைத்து மெல்ல மூடினால், அவற்றிலிருந்து முளைகள் தோன்றும். இஃது ஒரு முறை. மற்றொன்று விதையால் பெருக்குவது. காட்டுத் தீக்குப் பின்னரே இதன் விதைகள் மிகுதியாக முளைக்கின்றன. எரிந்த செடிகொடிகளின் கரியிலும் புகையிலும் உள்ள பொருள்கள் விதைகளின் உறக்கத்தைக் கலைக்கின்றன. ஆகவே, தோட்டக் கலைஞர்கள் விதைத்த மண்ணின்மீது காய்ந்த பைன் மர இலைகளைப் பரப்பி எரித்து, ஆறியபின் நீர் தெளிக்கின்றனர். இது பெரியோர் மட்டுமே செய்யத்தக்க செயல். காட்டை அழிக்கும் தீயே இவ்விதைக்குத் துயிலெழுப்பும் தூதாகும் விந்தைதான் என்னே!

2012 முதல் 2016 வரை கலிபோர்னியா கொடிய வறட்சிக்கு உள்ளாயிற்று. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், நகரங்களின் நீர்ச்செலவை நூற்றுக்கு 25 பங்கு குறைக்குமாறு அம்மாநில ஆளுநர் ஆணையிட்டார். 5 கோடி சதுர அடிப் புல்தரைகளை நீக்கி, வறட்சி தாங்கும் செடிகளை வளர்க்கவும் திட்டம் வகுக்கப்பட்டது. அழகிற்காக வளர்த்த பசும்புல் மக்களின் தண்ணீரைப் பருகிக்கொண்டிருந்த உண்மையை அன்று பலர் உணர்ந்தனர். மட்டிலிஹாப் பாப்பி போன்ற மண்ணின் செடிகளோ, சிறிது நீரே பெற்று, அழகினை வாரி வழங்கின.

மாணவர்களே! ஒரு செடிக்கு நீர் வார்க்குமுன், ‘இதன் தாயகம் யாது? அங்கு மழை எப்பொழுது பெய்யும்?’ என்று வினவுங்கள். செடியின் இயல்பை அறிந்து பேணுவதே உண்மையான அன்பு. அவ்வன்பு செடியையும் வாழ்விக்கும். நம் கிணற்று நீரையும் காக்கும்.