உஷார்! ஹீட்டரில் குளிர்காற்றா? எஞ்சினைக் கவனியுங்கள்

ஹீட்டரை முழுசாகத் திருப்பியும் காரில் குளிர்காற்றுதான் அடிக்கிறதா? இன்னொரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். டொராண்டோ பக்கம் குளிர்காலம் வந்துவிட்டால் நம்மவர்கள் பலரும் சொல்வது, "சனிக்கிழமை கராஜில் காட்டுவோம்." சனிக்கிழமைக்குள் எஞ்சினே போய்விடலாம்.

பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினில் சூடேறிய கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதன் வழியாக ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. கூலன்ட் எங்கோ ஒழுகிக் குறைந்தால், முதலில் காய்ந்துபோவது பெரும்பாலும் இந்தக் கோர்தான். வண்டி ஓடும்போது சூடு வந்து, சிக்னலில் நின்றதும் குளிர்ந்தால், அல்லது டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் கேட்டால், சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

வெப்ப முள் ஒழுங்காகத்தானே நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். எல்லாம் வடிந்து அது வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே கிடக்கலாம். முள் ஏறுகிறது, ஹீட்டரோ குளிர்கிறது என்றால் யோசிக்கவே கூடாது: ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர் என்றாலும் சரி. சிலிண்டர் ஹெட் வளைவதற்கு அந்த இரண்டு கிலோமீட்டர் போதும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸையும் தாண்டிய திரவம். திறந்த கணமே முகத்தில் பீறிடும். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவில் திரவம் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பழகிய கைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே அது எஞ்சினுக்கு எமன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால்தான் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். ஒழுக்கை அடைக்கும் என்று விற்கும் பாட்டில் மருந்தையும் நான் ஊற்றமாட்டேன். ஹீட்டர் கோரின் நுண்குழாய்களை அடைப்பதில் அது கெட்டிக்காரன்.

கூலன்ட் சரியாக இருந்தால் பயம் பாதி குறைந்தது. எஞ்சின் சூடான பிறகு, கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கையுறை போட்டு லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சுட்டால், உள்ளே சூடான காற்றைத் திருப்பிவிடும் காற்றுக் கதவு மாட்டியிருக்கலாம். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் கோரில் அடைப்பு இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓடியும் முள் மேலே ஏறவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கும். விலை குறைந்த சாமான்தான்.

காருக்குள் தித்திப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோல் படலம், முன்சீட்டின் கால்மிதியில் ஈரம் இருந்தால் கோரே ஒழுகுகிறது. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தரையில் சொட்டியதை நாயோ குழந்தையோ நக்குமுன் துடைத்துவிடுங்கள்.

இத்தனையையும் சோதிக்க எஞ்சினை ஓடவிடுவது திறந்த வெளியில் மட்டும். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வழியில் நின்றுபோய் டோ ட்ரக்குக்குக் காத்திருக்கும்போது சூட்டுக்காகக் கூலன்ட் இல்லாத எஞ்சினைத் திரும்பக் கிளப்பவும் கூடாது. அதனால் தடித்த போர்வை ஒன்றை இன்றே டிக்கியில் போட்டு வையுங்கள்.